வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை: தேதிக்கு முந்தைய வாரங்கள்

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று சொன்னவுடன் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் தேதியைப் பற்றியது. “ஆடி கழியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?” என்பார்கள். அடுத்த கேள்வி செலவைப் பற்றியது. அதற்கடுத்தது, சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி: “உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லையே?” மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் “எனக்கு எந்த வால்வைப் பொருத்தப் போகிறீர்கள்? அதன் பிறகு நான் எப்படி வாழ வேண்டியிருக்கும்?” என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

நான் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் அல்ல. அதற்கு முன்பும், அதன் பிறகு பல ஆண்டுகளும் இந்த நோயாளிகளைப் புறநோயாளிப் பிரிவில் பார்த்துவரும் இதயநோய் மருத்துவர். அரங்கில் கழியும் நான்கைந்து மணி நேரத்தில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது மயக்கத்தில் இருப்பீர்கள். செய்ய வேண்டியவை எல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கின்றன. அவற்றில் சில சிறியவை, ஒரு பல்லைக் காட்டுவதைப் போல. ஒன்று மட்டும் மிகப் பெரியது. அது எந்த வால்வு என்ற முடிவு.

வால்வில் கிருமித்தொற்று, திடீர்க் கிழிசல் போன்ற காரணங்களால் உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோருக்கு இந்த அவகாசம் கிடைக்காது. மற்றவர்களுக்குப் பொதுவாகச் சில வாரங்கள் கிடைக்கும். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

வால்வு ஏன் கெடுகிறது

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ரத்தம் ஒரே திசையில் செல்லும்படி திறந்து மூடும் கதவுகள் இவை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூட வேண்டிய இந்தக் கதவு, ஒன்று சரியாகத் திறக்காமல் சுருங்கிப்போகிறது. அல்லது சரியாக மூடாமல் ஒழுகுகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வைக் கெடுப்பதில் முதன்மையானது ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டைத் தொற்றுக்குப் பின், இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வரும். தொண்டைக் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் எதிர்ப்பாற்றல் இதய வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வலி தானாகச் சரியாகிவிடும். எல்லாரும் மறந்தும் விடுவார்கள். பத்து இருபது ஆண்டுகள் கழித்து மாடிப்படி ஏறும்போதோ கருவுற்ற காலத்திலோ மூச்சிரைப்பு தோன்றும். அப்போது எக்கோ எடுத்தால் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும். முதியவர்களில் கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் இதயத்திலிருந்து பெருந்தமனிக்குச் செல்லும் அயோர்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டே இதழ்களோடு பிறந்தவர்களுக்கு இது இன்னும் முன்னதாகவே வரும்.

“மாத்திரையிலேயே சரிசெய்ய முடியாதா?” என்று கேட்பதில் தவறில்லை. நீர் பிரிய உதவும் மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் மூச்சிரைப்பைத் தணிக்கும். இறுகிய வால்வை இளக்கும் மாத்திரை கிடையாது. ஆனால் மாற்றுவதற்கு முன் வேறொரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “இதைப் பழுதுபார்க்க முடியுமா?” சுண்ணாம்பு படியாத, ஒழுகாத மைட்ரல் வால்வுச் சுருக்கத்தைப் பல நேரங்களில் தொடை வழியாகச் செலுத்தும் பலூனால் விரித்துவிடலாம். மைட்ரல் ஒழுக்குகள் பலவற்றைத் தைத்துச் சரிசெய்யலாம். சொந்த வால்வைக் காப்பாற்ற முடிந்தால் அதைவிட மேலானது எதுவுமில்லை. சில சமயம் பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்பது இதயத்தைத் திறந்து பார்த்த பிறகே உறுதியாகும். அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் இரண்டும் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் பல் மருத்துவர்

இதயத்துக்கு மருத்துவம் பார்க்க வந்தவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பினால், அலைக்கழிக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் இதுதான். சொத்தைப் பல்லிலும் வீங்கிய ஈறிலும் உள்ள கிருமிகள் அவ்வப்போது ரத்தத்தில் கலக்கின்றன. நலமான இதயம் உள்ளவர்களுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் புதிதாகப் பொருத்திய வால்வு அக்கிருமிகளுக்குக் குடியிருக்க ஏற்ற இடம். அங்கே தொற்று பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து செலுத்த வேண்டும். சில வேளை வால்வையே மீண்டும் மாற்ற நேரும். உயிரிழப்பும் உண்டு.

ஆகவே பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்து, புண் ஆறிய பின் வருவதே முறை. வால்வு பொருத்தியவர்கள் பின்னாளில் பல் பிடுங்கவோ ஈறு சுத்தம் செய்யவோ சென்றால், முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உண்ண வேண்டும். வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்ணத் தொடங்கிய பிறகு ஒரு பல்லைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பதை அப்போது உணர்வதைவிட இப்போதே முடித்துவிடுவது நல்லது.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவோடு, சிலருக்கு உணவுக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விழுங்கச் செய்து எடுக்கும் எக்கோவும் தேவைப்படும். 40 வயது கடந்த ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆஞ்சியோகிராம் செய்வது வழக்கம். “வால்வுக்குத்தானே ஆபரேஷன், ரத்தக்குழாயை ஏன் பார்க்க வேண்டும்?” என்றால், அடைப்பு இருந்தால் அதே அறுவையில் பைபாஸையும் சேர்த்துச் செய்துவிடலாம், நெஞ்சை இரண்டாம் முறை திறக்க வேண்டியதில்லை. இவற்றையும் சிறுநீரகம், நுரையீரல், வயது ஆகியவற்றையும் வைத்து உங்களுக்குரிய ஆபத்தின் அளவைக் கணக்கிடும் முறைகள் உண்டு. “உயிருக்கு ஆபத்தில்லையே?” என்று கேட்பதற்குப் பதில் “என் நிலையில் ஆபத்து எவ்வளவு?” என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைக்கும்.

உலோக வால்வா, திசு வால்வா

1960இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய வால்வு, ஒரு சிறு கூண்டுக்குள் உருளும் பந்து. அந்த எளிய அமைப்பு எத்தனையோ பேரைப் பல்லாண்டு வாழவைத்தது. நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சாயும் தட்டு அமைப்புக் கொண்ட அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இப்போது பரவலாகப் பொருத்தப்படும் மற்றொரு வகையில் கார்பனாலான இரண்டு அரைவட்ட இதழ்கள் இருக்கின்றன. இவை அனைத்தையும் நாம் பேச்சு வழக்கில் உலோக வால்வு என்கிறோம். மற்றொரு வகை திசு வால்வு. மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ பதப்படுத்திச் செய்யப்படுவது.

உலோக வால்வு எளிதில் தேயாது. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டியாகும் இயல்பு உண்டு. அந்தக் கட்டி வால்வை அடைத்துக்கொள்ளலாம்; மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை ஆயுள் முழுவதும், ஒரு நாளும் தவறாமல் உண்ண வேண்டும். திசு வால்வுக்கு இந்த மருந்து பொதுவாக முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கே தேவை. இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மட்டும் அதன் பிறகும் தேவைப்படலாம். ஆனால் திசு வால்வு தேயும். முதியவர்களுக்கு 10 முதல் 15 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் உழைக்கும். வயது குறையக் குறைய அது விரைவாகக் கெடும். அப்போது இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

பொதுவாக 50 வயதுக்குக் கீழ் உலோகம், 65 வயதுக்கு மேல் திசு, இடையில் உள்ளவர்களுக்கு இரண்டும் என்பது வழிகாட்டு நெறி. இது நெறிதான், விதி அன்று. இந்த இடத்தில் மருத்துவருக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் பல உண்டு. உங்கள் ஊரில் மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வசதி இருக்கிறதா? பனை, தென்னை ஏறுகிறீர்களா? ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய்ப் பல நாள் கழித்துக் கரை திரும்புகிறீர்களா? மாத்திரையை நினைவூட்ட வீட்டில் ஆள் உண்டா? குடிப்பழக்கம் இருக்கிறதா? மருந்தை ஒழுங்காக உண்ண இயலாதவருக்கு உலோக வால்வு பொருத்துவதைவிட, பத்தாண்டு கழித்து மறு அறுவை நேரும் என்று தெரிந்தே திசு வால்வு பொருத்துவது சில வேளை பாதுகாப்பானது.

விலங்குத் திசு என்பது சிலரின் சமய நம்பிக்கைக்கோ சைவ உணவு நெறிக்கோ ஒவ்வாததாக இருக்கலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மாடா, பன்றியா, உலோகமா என்று கேட்டுத் தேர்ந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அரங்குக்குப் போகும் முன் சொன்னால் போதும். பின்னர்த் தெரிந்து மனம் வருந்துவதில் பயனில்லை.

இளம் பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். ருமாட்டிக் நோய் மிகுதியாகத் தாக்குவது அவர்களைத்தான். விவரங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். திருமணமாகி இரண்டாண்டு ஆன 26 வயதுப் பெண். மைட்ரல் வால்வை மாற்றியாக வேண்டும். கணவரும் மாமனாரும் தந்தையும் உடன் வந்திருந்தார்கள். “அடிக்கடி நெஞ்சைத் திறக்க முடியாது டாக்டர், ஒரே தடவையில் முடிந்துவிடட்டும். உலோகமே வையுங்கள்” என்று மூவரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “நீங்கள் என்னம்மா நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “குழந்தை பெற்றுக்கொள்ளலாமா டாக்டர்?” என்றார். அதுவரை அந்த அறையில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

வார்ஃபரின் வகை மருந்துகள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடையும். குறிப்பாக 6 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்குப் பதிலாகத் தரப்படும் ஹெப்பாரின் ஊசி கருவுக்குச் செல்லாது. ஆனால் உலோக வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கு ஆபத்து நேரும் வாய்ப்பு கூடுகிறது. உலோக வால்வோடு நலமாகக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஆயினும் அது முன்கூட்டியே திட்டமிட்டு, நெருக்கமான கண்காணிப்பில், ஆபத்தை அறிந்து மேற்கொள்ள வேண்டிய பயணம். திசு வால்வு அந்தக் கவலையைப் பெரிதும் குறைக்கும். ஆனால் 26 வயதில் வைத்த திசு வால்வுக்கு மறு அறுவை உறுதி, அதுவும் பத்தாண்டுக்குள்ளேயே நேரலாம். இரண்டையும் எடுத்துச் சொன்னோம். அந்தப் பெண் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். திரும்பி வந்து திசு வால்வு என்றார், கணவரும் உடன்பட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான இன்னொரு பெண் உலோக வால்வைத் தேர்ந்தார். இருவர் முடிவும் சரியே. என் கருத்து இதுதான்: இந்த முடிவை எடுக்கும் முன் நோயாளியிடம் ஒருமுறையாவது தனியாகப் பேசுங்கள் என்று நீங்களே உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அயோர்டிக் வால்வு இறுகிய முதியவர்களுக்கு, நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகத் திசு வால்வைப் பொருத்தும் முறையும் இன்று உண்டு. 2002இல் பிரான்சில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. செலவு மிகுதி, எல்லாருக்கும் பொருந்துவதுமில்லை. வயது 70ஐக் கடந்தவர்கள் இதைப் பற்றி விசாரிப்பது நல்லது.

மாத்திரைப் பையை முழுதாகக் கொண்டுவாருங்கள்

சீட்டில் உள்ளவை மட்டுமல்ல. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை அனைத்தும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றுக்கு அது பொதுவாக 5 நாள். சர்க்கரை நோய்க்கான டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாள் முன்பே நிறுத்துவோம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளை அறுவை அன்று காலையிலும் ஒரு மிடறு நீரோடு உண்ணச் சொல்வோம். எது, எந்த நாளில் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வழிச் சொன்னது வீட்டுக்குப் போவதற்குள் மாறிவிடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் மார்பெலும்புப் புண் ஆறுவது தாமதமாகும்; தொற்றும் எளிதில் பிடிக்கும். ரத்தசோகை இருந்தால் அதற்கும் முன்கூட்டியே மருத்துவம் உண்டு. இதய நோய் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்து மெலிந்து வருபவர்களைப் பார்க்கிறேன். உப்பைத்தான் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். சோறு, பருப்பு, காய், முட்டை எல்லாம் வேண்டும்.

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை அறுவைக்குப் பிறகுதான் தருவார்கள் என்றில்லை. முன்பே வாங்கிப் பழகுங்கள். மெதுவாக, ஆழமாக உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். ஊதுவது அன்று. கையை ஊன்றாமல் ஒருக்களித்துப் படுக்கையிலிருந்து எழவும், மார்பின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமவும் இப்போதே பழகிவிட்டால், அறுவைக்குப் பின் வலியில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அறுவைக்கு முந்தைய வாரத்தில் காய்ச்சல், சளி, தோலில் கட்டி, சிறுநீர்க் கடுப்பு ஏதேனும் வந்தால் உடனே தெரிவியுங்கள். தேதி தள்ளிப்போய்விடுமோ என்று மறைப்பவர்கள் உண்டு. தேதி தள்ளிப்போவது இழப்பன்று.

குடும்பத்தார் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இது ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும். ஒப்புதல் வருவதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றை முன்பே எடுத்துவையுங்கள். எந்த வகை வால்வு காப்பீட்டில் அடங்கும், எதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பதை வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன்பே காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள்.

ரத்தம் தருபவர்கள் 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களாக, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5க்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். நோயாளியின் பிரிவு ரத்தமே தர வேண்டும் என்பதில்லை. பொதுவாக எந்தப் பிரிவாயினும் ரத்த வங்கி ஏற்றுக்கொண்டு ஈடுசெய்யும்.

மருத்துவமனையில் பத்துப் பேர் காத்திருப்பதைவிட, முடிவெடுக்கக்கூடிய ஒருவர் கைபேசியோடு இருப்பது எங்களுக்கும் உதவி. அவர் யார் என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

முந்தைய இரவும் முதல் விழிப்பும்

முந்தைய இரவு கிருமிநாசினி சோப்பால் குளிக்கச் சொல்வார்கள். மார்பு முடியை வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வராதீர்கள். கத்திக் கீறல்கள் தொற்றுக்கு வழிவிடும். இங்கே அதற்கென உள்ள கருவியால் நீக்குவோம். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரல்நுனியில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைச் சரியாகக் காட்ட வேண்டும். நகைகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றுவது பல பெண்களுக்கு அறுவையைவிடக் கடினமாக இருக்கிறது. அரங்கில் மின்கருவியால் ரத்தக்குழாய்களை மூடும்போது உடலில் உலோகம் இருந்தால் சுடக்கூடும் என்பதே காரணம். அவசரத்தில் ஒரு பணியாளர் கையில் கழற்றிக் கொடுப்பதைவிட, முந்தைய நாளே வீட்டுப் பெரியவரோ கணவரோ தம் கையால் வாங்கிப் பத்திரப்படுத்துவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிக்கும்போது வாயில் செயற்கைச் சுவாசக் குழாய் இருக்கும். பேச முடியாது. கைகள் மெல்லக் கட்டப்பட்டிருக்கலாம். அரைத் தூக்கத்தில் குழாயை இழுத்துவிடாமல் இருப்பதற்காக. இது சில மணி நேரத்துக்குத்தான். முன்பே அறிந்தவர்கள் அமைதியாக இருக்கிறார்கள். அறியாதவர்கள் குரல் போய்விட்டதென்று பதறுகிறார்கள். செவிலியரிடம் தலையசைத்தே பேசலாம். முதியவர்களுக்கு ஓரிரு நாள் மனக்குழப்பம் ஏற்பட்டு, இடம் தெரியாமல், இல்லாதவர்களை அழைத்துப் பேசக்கூடும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அவர்களுடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் குடும்பத்தார் கொண்டுவந்து தருவது இதற்கு நல்ல மருந்து.

வீட்டையும் ஆயத்தப்படுத்துங்கள்

மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அதுவரை இருசக்கர வண்டி ஓட்டுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் கூடாது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைப்பதும் அப்படியே. தரையில் படுப்பவர்களாயின் ஒரு கட்டிலும், மேற்கத்தியக் கழிப்பறை இல்லாதவர்கள் அதற்கான நாற்காலியும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உலோக வால்வு பொருத்தப் போகிறவர்கள், ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை எங்கே செய்துகொள்வது என்பதை அறுவைக்கு முன்பே விசாரித்துவையுங்கள். நலமானவருக்கு இந்த எண் 1க்கு அருகில் இருக்கும். அயோர்டிக் உலோக வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரையும், மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் வைத்திருப்போம். குறைந்தால் ரத்தம் உறையும், மிகுந்தால் கசியும். தொடக்கத்தில் அடிக்கடியும் பின்னர் மாதம் ஒருமுறையும் பார்க்க வேண்டும். கீரையே சாப்பிடக்கூடாது என்று அஞ்ச வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு முருங்கைக் கீரை சாப்பிடுவீர்களோ அதே அளவை ஒரே சீராகச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் நிறுத்தி மறு மாதம் நாள்தோறும் உண்பதுதான் எண்ணைக் குலைக்கும். வார்ஃபரின் எலிகளைக் கொல்லவும் பயன்பட்டது என்று கைபேசியில் படித்துவிட்டுப் பதறி வருவோர் உண்டு. உண்மைதான், 1948இல் அது எலிமருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1950களிலிருந்து மனிதர்களுக்கு மருந்தாக இருக்கிறது. அளவுதான் வேறுபாடு, அந்த அளவைக் காட்டுவதே இந்தப் பரிசோதனை. பரிசோதனை தேவையில்லாத புதிய வகை மாத்திரைகளை யாரேனும் பரிந்துரைத்தால், உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவையல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

ருமாட்டிக் காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள், வால்வு மாறிவிட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. மீதமுள்ள மூன்று வால்வுகளுக்கும் அது தேவை. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு ஊசியைத் தொடர்வதா, மாத்திரையாக மாற்றுவதா என்பதை வீடு திரும்பும் நாளில் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வால்வின் பெயர், அளவு, எண் ஆகியவை அச்சிட்ட அட்டை ஒன்றும் அன்று தருவார்கள். அதைப் பீரோவில் பூட்டிவைக்க வேண்டாம். ஒரு நகலைப் பணப்பையிலும், ஒரு படத்தை வீட்டிலுள்ள இருவர் கைபேசியிலும் வைத்திருங்கள்.